கிழக்கே மறைந்த சூரியன்

நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் "சூரியன் மேற்கே உதித்தாலும்" என்று தொடங்குவது நம் வழக்கம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு செதுக்குக் கலைஞர் அதற்கு நிகரான ஒரு காரியத்தை எஃகில் செய்து முடித்தார். அவர் வெட்டிய கடற்போர்ப் பதக்கத்தில் சூரியன் கிழக்கே மறைகிறது. ஒன்றிரண்டு அல்ல, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பதக்கங்கள் அப்படியே அடிக்கப்பட்டு, அந்தப் போரில் நின்ற மாலுமிகளிடமே போய்ச் சேர்ந்தன. அன்று மாலை சூரியன் எந்தப் பக்கம் இறங்கியது என்பதைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

நாணயவியலாளர்கள் இதை 'டேவிசனின் நைல் பதக்கம்' என்பார்கள். குறுக்களவு ஏறத்தாழ 48 மில்லிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு போர், ஒரு வணிகனின் நட்பு, ஒரு தேசத்தின் சாதி அடுக்கு, எஃகைப் பதப்படுத்தும் தொழில்நுட்பம் எல்லாம் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் நைல் போர். 1798 ஆகஸ்ட் 1. எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்குக் கிழக்கே உள்ள அபூகிர் விரிகுடா. நெப்போலியன் போனபார்ட் தன் படையை எகிப்தில் இறக்கி உள்நாட்டுக்குள் போய்விட்டார். அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக் கடற்படை, தளபதி புருவேயின் கீழ், 13 பெரிய போர்க்கப்பல்களை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தியிருந்தது. முதுகுப் பக்கம் கரை. அங்கே ஆழம் குறைவு. எதிரி வந்தால் கடல் பக்கமாகத்தான் வர வேண்டும் என்பது கணக்கு. ஆகவே கரைப் பக்கத்துப் பீரங்கிகளை யாரும் தயார் செய்து வைக்கவில்லை. பிற்பகலில் பிரிட்டிஷ் பாய்மரங்கள் தெரிந்தபோதும், பழக்கமில்லாத நீரில் இருட்டும் நேரத்தில் யாரும் சண்டையைத் தொடங்க மாட்டார்கள் என்றுதான் புருவே நினைத்தார்.

பிரிட்டிஷ் தளபதி நெல்சன் விடியும்வரை காத்திருக்கவில்லை. மாலை ஆறரை மணியளவில் முதல் குண்டுகள் பறந்தன. முன்னால் சென்ற 'கோலியாத்' கப்பலின் கேப்டன் ஃபோலி, பிரெஞ்சு வரிசையின் தலையைச் சுற்றிக்கொண்டு கரைப் பக்கமாகவே நுழைந்தார். ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்று திரும்பும்போது தானும் சுழலும். அப்படிச் சுழல எதிரிக் கப்பலுக்கு ஆழம் இருக்கிறது என்றால், தன் கப்பலுக்கும் அங்கே ஆழம் இருக்க வேண்டும் என்று கணித்தார். சரியான கணிப்பு. இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. இரவு பத்து மணியளவில் 120 பீரங்கிகள் கொண்ட தளபதிக் கப்பல் 'லோரியான்' வெடித்துச் சிதறியது. எல்லாம் ஓய்ந்தபோது 13 கப்பல்களில் 11 பிடிபட்டோ அழிந்தோ போயிருந்தன. போனபார்ட்டின் படை எகிப்தில் தனியாக மாட்டிக்கொண்டது.

இத்தனை பெரிய வெற்றிக்குப் பதக்கம் கொடுத்தது அரசு என்றுதான் தோன்றும். அரசு கொடுத்தது, ஆனால் யாருக்கு? 1794இல் தொடங்கிய கடற்படைத் தங்கப் பதக்கம் தளபதிகளுக்கும் கேப்டன்களுக்கும் மட்டுமே உரியது. பீரங்கிக்கு மருந்து சுமந்த பையனுக்கும், பாய்மரத்தில் ஏறிய மாலுமிக்கும் அரசிடமிருந்து எதுவும் கிடையாது. அந்தக் குறையை நிரப்பியவர் ஒரு தனி மனிதர், அலெக்சாண்டர் டேவிசன்.

டேவிசன் ஒரு வணிகர். நெல்சன் இளம் கேப்டனாக 1782இல் கனடாவின் கியூபெக்கில் இருந்தபோது பழக்கமானவர். அங்கே ஒரு பெண்ணிடம் மயங்கி, கடற்படை வாழ்க்கையையே விடத் துணிந்த நெல்சனைப் பேசித் தடுத்துக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பியவர் இவர்தான் என்பார்கள். நைல் போருக்குப் பிறகு, கைப்பற்றிய கப்பல்களின் விலைப்பணத்தை வசூலித்துப் பங்கிட்டுக் கொடுக்கும் முகவராக நெல்சன் அவரை அமர்த்தினார். பெரிய கமிஷன் வரும் வேலை. அந்த நன்றிக்காக, ஏறத்தாழ 2,000 பவுண்டு சொந்தப் பணம் போட்டு, போரில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பதக்கம் என்று ஏற்பாடு செய்தார். கடைசிப் பையன்வரை ஒவ்வொருவருக்கும்! அன்றைய பிரிட்டனில் கேள்விப்படாத பரந்த மனம். இதே டேவிசன் பிற்பாடு தேர்தல் லஞ்சத்துக்காக ஒரு முறையும், ராணுவக் குடியிருப்புகளுக்குச் சரக்கு அனுப்பியதில் மோசடி செய்ததற்காக இன்னொரு முறையும் சிறை சென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆள்தான்.

பதக்கத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் விளிம்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். பதக்கத்தின் கனத்தில், சுற்றிவர, பள்ளமான எழுத்துகளில் டேவிசனின் பெயரும், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம் என்ற அவருடைய முகவரியும், இது அவரது மதிப்பின் காணிக்கை என்ற வாசகமும் ஓடுகின்றன. முகவரியோடு கூடிய வீரப் பதக்கம் வேறு எங்கே பார்க்க முடியும்? ஆனால் அவர் தன் பெயரை முகப்பில் போட்டுக்கொள்ளவில்லை. கொடுத்தவன் விளிம்பில், பெற்றவன் கையில், புகழ் நடுவில் என்று இடம் பிரித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் குழல்விளக்கில் வெளிச்சமே வெளியே வராதபடி உபயதாரர் பெயர் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது.

அடுத்து தலைப்பக்கம். கடலோரப் பாறை ஒன்றின் மேல் தளர்ந்த ஆடையணிந்த ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கையில் ஒலிவக் கிளை. மற்றொரு கை ஒரு கேடயத்தைத் தாங்குகிறது. அதில் நெல்சனின் மார்பளவு உருவம். அருகே ஒரு நங்கூரம். யார் இவள்? சில பட்டியல்கள் 'அமைதி' என்கின்றன, சில 'நம்பிக்கை' என்கின்றன. இரண்டுக்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய ஓவிய மரபில் ஒலிவக் கிளை அமைதியின் அடையாளம். நங்கூரம் நம்பிக்கையின் அடையாளம். விவிலியத்தில் எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்று சொன்ன நாளிலிருந்து கிறித்தவக் கலையில் அது நிலைத்துவிட்டது. கடற்படைப் பதக்கத்தில் நங்கூரம் வந்தால் அது வெறும் கப்பல் சாமான் என்று கடந்துவிடத் தோன்றும். கேடயத்தைச் சுற்றியுள்ள வாசகம் நெல்சனை ஐரோப்பாவின் நம்பிக்கை, பிரிட்டனின் பெருமை என்று அழைக்கும்போதுதான் அந்த நங்கூரத்தின் இரட்டை வேலை புரிகிறது.

உலோகத்தில் கடல் வெற்றியைக் கொண்டாடும் பழக்கத்துக்கு வயது அதிகம். கி.மு. 306இல் சைப்ரஸ் தீவின் சலாமிஸ் அருகே வென்ற கிரேக்க மன்னர் தெமெத்ரியோஸ், தன் வெள்ளி நாணயங்களில் கப்பல் முனையில் நின்று எக்காளம் ஊதும் வெற்றித் தேவதையை அடித்தார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து, 1794இன் பிரிட்டிஷ் தங்கப் பதக்கத்திலும் பழங்காலத் துடுப்புக் கப்பலின் முனையில்தான் பிரிட்டானியா நிற்கிறாள்; வெற்றித் தேவதை அவளுக்கு மாலை சூட்டுகிறாள். மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல்களில் சண்டை போட்டவர்களுக்குத் துடுப்புக் கப்பல் படம்! படித்த கனவான்களின் ரசனை அது. அந்தப் பதக்கத்தைப் பெற்ற கேப்டன்களுக்கு அது உறுத்தியிருக்காது.

நைல் பதக்கத்தின் பூப்பக்கம் இந்த மரபை உடைக்கிறது. அங்கே தேவதை இல்லை, எக்காளம் இல்லை. உண்மையான விரிகுடா, உண்மையான கப்பல்கள். நங்கூரமிட்டு நிற்கும் பிரெஞ்சு வரிசையை நோக்கி பிரிட்டிஷ் கப்பல்கள் பாய் விரித்து வருகின்றன. சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே, எல்லாம் வல்ல இறைவன் மன்னரின் படைக்கு அருள் செய்தார் என்ற பொருளில் ஒரு வரி. கீழே, நைல் வெற்றி என்பதும் தேதியும். அந்த அருள் வரி நெல்சன் போர் தொடங்கிய மூன்றாம் நாள் தன் மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையின் தொடக்கச் சொற்கள். 1588இல் ஸ்பெயினின் பெருங்கப்பல்படை புயலில் சிதறியபோது டச்சுக்காரர்கள் அடித்த பதக்கத்தில் மேகத்துக்குள் எபிரேய எழுத்துகளில் இறைவன் பெயரைப் போட்டு, அவர் ஊதினார், அவர்கள் சிதறினார்கள் என்று லத்தீனில் எழுதினார்கள். நைல் பதக்கத்தில் லத்தீன் கிடையாது, எல்லாம் ஆங்கிலம். மாலுமிக்குப் போகும் பொருள் என்பதால் இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் பக்கத்தில் ஒருவன் படித்துச் சொல்லிவிடலாம் அல்லவா.

எனக்கு மிகவும் பிடித்தது, கலைஞர் தேர்ந்தெடுத்த நேரம். அந்த இரவின் பெரும் காட்சி 'லோரியான்' வெடித்தது. ஓவியர்கள் பலரும் அதைத்தான் வரைந்தார்கள். இருட்டு, தீப்பிழம்பு, சிதறும் பாய்மரங்கள் என்று வண்ணத்துக்கு நல்ல தீனி. உலோகத்தில் வண்ணம் இல்லை. வெடிப்பை அங்கே செதுக்கினால் ஒரு கட்டியாகத்தான் தெரியும். ஆனால் அடிவானத்தைத் தொடும் சூரியனை, கதிர்களைக் கோடுகளாக இழுத்து, மெல்லிய புடைப்பில் காட்டிவிடலாம். அந்தச் சூரியன் கடிகாரமாகவும் இருக்கிறது: இருட்டுவதற்குள் சண்டையைத் தொடங்கத் துணிந்தார்கள் என்பதை ஒரு சொல் இல்லாமல் சொல்கிறது. வெடிப்பு விளைவு, பொழுது சாயும்போது உள்ளே நுழைந்தது முடிவு. பதக்கம் முடிவைக் காட்டுகிறது. என் கண்ணுக்கு அது உயர்ந்த தேர்வு.

அந்தச் சூரியன்தான் திசை மாறியும் இருக்கிறது. கடலிலிருந்து அந்தக் கரையைப் பார்ப்பவர் தென்மேற்கு நோக்கி நிற்கிறார். அபூகிர் முனை அவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். பதக்கத்தில் நிலம் இடப்பக்கம் வந்துவிட்டது. காட்சி முழுவதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறிக் கிடக்கிறது. ஆகவே சூரியன் கிழக்கே மறைகிறது.

இது எப்படி நடந்தது என்று புரிய, பதக்கம் பிறக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பாருங்கள். எழுத்துகள் தலைகீழாக அல்ல, இடவலம் மாறியிருக்கும். பதக்கத்தின் அச்சும் அப்படித்தான். பதக்கத்தில் மேடாக வர வேண்டியது அச்சில் பள்ளமாக இருக்க வேண்டும், வலப்பக்கம் வர வேண்டியது இடப்பக்கம் இருக்க வேண்டும். செதுக்குபவர் மென்மையாக்கிய எஃகில், உளியும் சிறு முத்திரைக் கம்பிகளும் கொண்டு இந்தப் பள்ளத்தை வெட்டுகிறார். வேலை முடிந்ததும் அந்த எஃகைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் முக்குவார்கள். அப்போது எஃகின் உள்ளமைப்பு மாறிக் கடினமாகும். சிலசமயம் விரிசல் விட்டு, பல வார உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். பிழைத்த அச்சு இரண்டு. அவற்றுக்கு நடுவே உலோக வட்டை வைத்து ஓங்கி அழுத்தினால் பதக்கம்.

எழுத்துகளில் கலைஞர் தவறவில்லை என்பதுதான் வேடிக்கை. இடவலம் மாறிய எழுத்து எவர் கண்ணையும் உடனே உறுத்தும். செதுக்குபவர்களுக்கு எழுத்தைத் திருப்பி வெட்டுவது முதல் பாடம். காட்சிக்கு அந்தக் காவல் இல்லை. கடல், கப்பல், குன்று, சூரியன் ஆகியவற்றை இடவலம் மாற்றினாலும் அவை கடல், கப்பல், குன்று, சூரியன்தான். முகத்தின் இடவலத்தைக் கூட நம் மூளை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கண்ணாடியில் தினம் பார்ப்பது மாறிய முகத்தைத்தானே. அந்த இடத்தின் வரைபடம் மனதில் இருப்பவர்தான் பிழையைப் பிடிக்க முடியும். செப்புத் தகட்டில் கீறி அச்சிடும் ஓவியர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ரெம்பிராண்ட் ஆம்ஸ்டர்டாம் நகரத்தைப் பார்த்தபடியே தகட்டில் கீறினார். தாளில் நகரம் திரும்பிவிட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

நைல் அச்சை வெட்டியவர் கான்ராட் ஹைன்ரிக் குக்லர் என்ற ஜெர்மானியர். 1790களில் பர்மிங்காம் வந்து, மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் சேர்ந்தவர். போல்டன் யார் என்று நினைவுபடுத்த ஒரு பெயர் போதும்: நீராவி எந்திரத்தின் ஜேம்ஸ் வாட்டுக்குக் கூட்டாளி அவர். அந்த நீராவியை நாணயம் அடிக்கத் திருப்பிவிட்டது அவருடைய சாதனை. அதற்கு முன் திருகு அழுத்தியின் கைகளை ஆட்கள் இழுத்துச் சுழற்றி நாணயம் அடித்தார்கள். சோஹோவில் எந்திரம் அடித்தது. வட்டைச் சுற்றி ஓர் எஃகு வளையத்தைப் பொருத்தி, உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் தடுத்தார்கள். எல்லா நாணயமும் ஒரே குறுக்களவில், துல்லிய வட்டமாக வந்தது. விளிம்பைச் சுரண்டித் திருடுகிறவர்களும் கள்ளநாணயம் செய்கிறவர்களும் திணறிப் போனார்கள்.

பதக்கம் நாணயத்தைவிடப் பிடிவாதமானது. புடைப்பு அதிகம் என்பதால் ஒரே அடியில் உலோகம் அச்சின் ஆழம் முழுவதும் ஏறாது. அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். ஆகவே ஒரு முறை அடித்து, உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி அதே அச்சில் பிசகாமல் பொருத்தி அடிக்க வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கப்பலுக்கு இரட்டைப் பாய்மரம் வந்துவிடும். ஆயிரக்கணக்கில் இதைச் செய்திருக்கிறார்கள்.

அந்த ஆயிரங்கள் எல்லாம் ஒரே உலோகம் அல்ல. நெல்சனுக்கும் கேப்டன்களுக்கும் தங்கம். லெப்டினன்ட்களுக்கும் அவர்களுக்கு இணையானவர்களுக்கும் வெள்ளி. சிறு அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசியது. மாலுமிகளுக்கும் கடற்படைச் சிப்பாய்களுக்கும் வெண்கலம் எனப்பட்ட செம்பு. படம் ஒன்றே, வாசகம் ஒன்றே, இறைவன் அருளும் ஒன்றே. உலோகம் மட்டும் நான்கு. இதைவிடச் சுருக்கமாக ஒரு சமூகத்தின் படிக்கட்டை வரைந்துவிட முடியாது. எடையிலும் வேறுபாடு கைக்குத் தெரியும்: தங்கத்தின் அடர்த்தி செம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே அச்சு, ஒரே அளவு, ஆனால் கேப்டனின் பதக்கம் மாலுமியின் பதக்கத்தைவிட இரு மடங்குக்கு மேல் கனக்கும். நடுவில் நின்ற பொன்முலாமுக்கும் ஒரு விலை உண்டு. அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். தங்கம் ஒட்டிக்கொள்ளும், ஆவி தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகும். பர்மிங்காமின் பொத்தான் பட்டறைகளில் கை நடுங்கி, பல் விழுந்து போனவர்கள் பலர்.

இந்தப் பதக்கங்களில் தொங்கவிடக் கொக்கி கிடையாது. அணிவதற்காக அல்ல, வைத்துப் பார்ப்பதற்காக அடித்தவை. மாலுமிகள் கேட்கவில்லை, துளை போட்டு, வளையம் மாட்டிக்கொண்டார்கள். பலர் வெற்றிடத்தில் தங்கள் பெயரையும் கப்பலின் பெயரையும் பொறித்துக்கொண்டார்கள். சில பொறிப்புகள் நல்ல கையெழுத்து, சில ஊசியால் கீறியவை. பெறுபவர் பெயருக்குப் பதக்கத்தில் இடம் ஒதுக்காத குறையை அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். அரசு விழித்துக்கொண்டு, எல்லா நிலையினருக்குமான கடற்படைப் பொதுச் சேவைப் பதக்கத்தை 1847இல் அறிவித்தது. உயிரோடு இருந்து விண்ணப்பித்தவர்களுக்கே அது கிடைத்தது. நைல் போரில் இருபது வயதில் நின்றவனுக்கு அப்போது அறுபத்தொன்பது.

குக்லரின் கை இங்கேயே நிற்கவில்லை. அது நம் பக்கமும் திரும்பியது. அபூகிரில் வென்ற கையோடு நெல்சன் ஒரு லெப்டினன்டைத் தரைவழியாக, பாக்தாத், பாஸ்ரா மார்க்கமாகப் பம்பாய்க்கு அனுப்பினார். பிரெஞ்சுப் படை இந்தியாவுக்கு வர முடியாது என்ற செய்தியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொல்ல. பிரெஞ்சு உதவியை எதிர்பார்த்திருந்த திப்பு சுல்தானுக்கு அது கெட்ட செய்தி. ஒன்பது மாதத்தில், 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதற்காகக் கம்பெனி அடித்த பதக்கத்தை வடிவமைத்தவரும் குக்லர், அடித்ததும் சோஹோ.

ஒரு பக்கம் கோட்டைச் சுவரின் உடைப்பில் படை ஏறுகிறது. மேலே உச்சியில் சூரியன், ஏனென்றால் தாக்குதல் நடந்தது நண்பகல் கழிந்த ஒரு மணிக்கு. இங்கும் சூரியனே கடிகாரம். உச்சிச் சூரியனுக்கு இடவலம் இல்லாததால் இந்த முறை வம்பும் இல்லை. மறுபக்கம் பிரிட்டிஷ் சிங்கம் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. புலி திப்புவின் சின்னம் என்பது தெரிந்ததே. மேலே உள்ள கொடியில் அரபு எழுத்தில், இறைவனின் சிங்கமே வெல்லும் என்ற பொருளில் ஒரு தொடர். அந்தத் தொடர் திப்புவுடையது! தன் ஆயுதங்களில் அதே சொற்களைப் புலிமுக வடிவில் வளைத்துப் பொறித்துவைத்தவர் அவர். தோற்றவனின் நாட்டோடு அவனுடைய வாசகத்தையும் எடுத்துக்கொண்டு, சிங்கம் என்ற சொல் தங்களுக்கே பொருந்தும் என்று எழுதிவிட்டார்கள். நங்கூரத்தை நம்பிக்கையாக்கிய அதே கலைதான் இதையும் செய்தது.

அங்கும் உலோகப் படிக்கட்டு உண்டு. இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியாக வெள்ளீயம். சென்னை மாகாணப் படையில் தமிழரும் தெலுங்கரும் சிப்பாய்களாக நின்றார்கள். அவர்களுக்கும் ஐரோப்பியக் கடைநிலை வீரர்களுக்கும் வந்தது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும் மெத்தென்ற உலோகம். கீழே போட்டால் விளிம்பு மடங்கும். அதுவும் வந்து சேரப் போர் முடிந்து ஒன்பது ஆண்டு ஆனது.

சோஹோவுக்கும் சென்னைக்கும் வேறு தொடர்பும் இருந்தது. சென்னை மாகாணத்தில் புழங்கிய செப்புக் காசுகள் பலவற்றை அதே பட்டறைதான் அடித்து அனுப்பியது. 1809 ஜனவரியில் அப்படிப் பீப்பாய்களில் அடைத்த காசுகளோடு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் எடுத்த காசுகளில் பல, அடித்த மெருகு குலையாமல் வெளிவந்தன. நம் கடைத்தெருவில் தேய்ந்திருக்க வேண்டியவை.

டிரஃபால்கர் பதக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் நெல்சன் இறந்ததும், போல்டன் தன் செலவிலேயே குக்லரை வைத்து இன்னொரு பதக்கம் அடித்தார். கேத்தரீன் ஆண்ட்ராஸ் என்ற மெழுகுச் சிற்பி செய்த நெல்சன் உருவத்தைப் பார்த்து முகத்தை அமைத்தார்கள்; முகம் என்ற அளவில் நைல் பதக்கத்தைவிட நன்றாகவே வந்தது. ஆனால் மாலுமிகளுக்குக் கொடுத்தது வெள்ளீயக் கலவை. இதைக் கேவலமாக நினைத்துப் பலர் கடலில் வீசியெறிந்தார்கள் என்று கதை உண்டு. டேவிசன் செம்பாவது கொடுத்தார் என்பது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை.

நெல்சனுடைய தங்க நைல் பதக்கம் இன்று இல்லை. கிரீனிச்சில் காட்சிக்கு வைத்திருந்த அவருடைய நினைவுப்பொருள்களை 1900இல் திருடன் ஒருவன் அள்ளிக்கொண்டு போனான். பதக்கம் உருக்கப்பட்டுவிட்டதாகவே கருதுகிறார்கள். உருக்கினால் காசாகும் என்பதுதான் தங்கத்தின் துரதிருஷ்டம். உருக்கி லாபமில்லாத செம்புப் பதக்கங்கள் நிறையப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் சில ஒரு பயனும் இல்லாமல் பாழாகியும் இருக்கின்றன, அதற்குக் காரணம் திருடர்கள் அல்ல, சுத்தக்காரர்கள். சோஹோவில் செம்புப் பதக்கத்துக்கு வேண்டுமென்றே ஒரு பழுப்பு மேற்பூச்சு ஏற்றுவார்கள். புடைப்பின் நிழல்கள் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்தால் பூச்சும் போகும், பாய்மரக் கயிறுகளும் போகும், மாலுமி ஊசியால் கீறிய பெயரும் போகும்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ படையிலோ ரயில்வேயிலோ பள்ளியிலோ வாங்கிய பதக்கம் ஒன்று பெட்டிக்குள் கிடக்கலாம். ஆயுதபூசைக்கு எடுத்து, செப்புக்குடம் துலக்குகிற கையோடு அதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளியின் அமிலம் கறையை மட்டும் பிரித்தறிந்து தின்னாது. மெல்லிய துணியால் தூசு தட்டுங்கள், விளிம்பைச் சுற்றிச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், எழுத்து ஏதும் தெரிந்தால் அதே இடத்தில் படம் எடுத்து, யாருடையது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள்.